சோடா குடித்ததும் சரியாகிவிட்டதாம்

வாசகர் கடிதம்:

ஐயா, கடலூர் முதுநகர்ப் பக்கம் இறால், மீன் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் ஏழு வருடமாக சூப்பர்வைசராக இருக்கிறேன். எண்பது பேர் வேலை செய்கிறோம், பாதிக்கு மேல் பெண்கள். சேஃப்டி ஆபீசர் என்று தனியாக யாரும் இல்லை. போன மாதம் கழிவுநீர்த் தொட்டியில் சேறு அள்ள கான்ட்ராக்டர் ஆட்கள் வந்தார்கள். பன்னிரண்டு அடி ஆழத் தொட்டி. இறங்கிய பையன், "மொதல்ல அழுகின முட்டை நாத்தம் அடிச்சுது சார், அப்புறம் நாத்தம் போயிடுச்சு" என்று கீழேயிருந்தே சொன்னான். பத்து நிமிடத்தில் தலை சுற்றுகிறது என்று ஏணியைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து அப்படியே படுத்துவிட்டான். வேப்பமரத்தடியில் கிடத்தி சோடா வாங்கிக் கொடுத்தோம். அரை மணியில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டான். முதலாளி, "வெயில் மயக்கம். காலையில சாப்பிடாம வந்திருப்பான். பதினஞ்சு வருஷமா அள்றோம், ஒண்ணும் ஆனதில்ல" என்கிறார். எனக்கு மனசு ஆறவில்லை. அடுத்த முறை அள்ள இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. இதற்கிடையில் வெளிநாட்டு வாடிக்கையாளர் தரப்பு ஆடிட்டில் 'ரிஸ்க் அசெஸ்மென்ட்', அதாவது இடர் மதிப்பீட்டு அறிக்கை, கேட்கிறார்கள். ஒரு கன்சல்டன்ட் நாற்பது பக்கக் கோப்பு ரெடியாகத் தருகிறேன் என்கிறார். அதை வாங்கினால் போதுமா? தொழிற்சாலையில் எது ஆபத்து என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது? வேலைக்குப் பங்கம் வராமல் முதலாளியிடம் எப்படிச் சொல்வது? பெயர் வேண்டாம்.

பதில்:

வணக்கம் தம்பி. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆபத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறீர்கள். உங்களுக்கே தெரியாமல் அதைக் கண்டுபிடித்து போகிற போக்கில் எழுதியும் விட்டீர்கள். "அப்புறம் நாத்தம் போயிடுச்சு." உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்ட வரி அதுதான்.

அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவுடையது. மீன், இறால் கழிவில் புரதம் அதிகம், புரதத்தில் கந்தகம் உண்டு. உப்புத் தண்ணீரிலும் சல்பேட் இருக்கிறது. காற்றுப் படாத சேற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் இவற்றைத் தின்று இந்த வாயுவை விடுகின்றன. காற்றைவிடச் சற்றுக் கனமானது என்பதால் தொட்டியின் அடியில் தங்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்குக்குத் தெரிந்துவிடும். அதனால் மூக்கை நம்பலாம் என்று தோன்றும். ஆனால் சுமார் 100 பங்குக்கு ஏறியதும் சில நிமிடங்களில் மோப்ப நரம்பு மரத்துப் போகிறது. நாற்றம் போய்விட்டது என்று உள்ளே இருப்பவன் நினைப்பான். போனது நாற்றமல்ல, மூக்கு. 500-க்கு மேல் போனால் தள்ளாட்டமும் மயக்கமும். 700, 1000 என்று போனால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவான், ஏணியைப் பிடிக்க நேரம் இருக்காது.

உங்கள் பையனுக்கு வெயில் மயக்கமே வந்திருக்கலாம். நான் அங்கே இல்லை, வாயுவை அளக்கும் மீட்டரும் இல்லை. ஆனால் நாற்றம் வந்து, நாற்றம் போய், தலை சுற்றியது என்று மூன்றும் வரிசையாக வரும்போது வெயில் மேல் பழியைப் போட என் அனுபவம் இடம் கொடுக்காது. உங்கள் ஊர்த் துறைமுகத்தில் விசைப்படகுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். மீன் அழுகிக் கிடக்கும் அடியறைக்குள் மூடியைத் திறந்ததும் இறங்கக் கூடாது என்று விவரமறிந்தவர்கள் சொல்வார்கள். படகின் அடியறையும் உங்கள் தொட்டியும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

பதினைந்து வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்கிறார் முதலாளி. அவர் பொய் சொல்லவில்லை. கோலி சோடா பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும்போது உள்ளே வாயு இருப்பதே தெரியாது. கோலியைத் தட்டியதும் பொங்குகிறது. சேறும் அப்படித்தான், கலைக்காதவரை வாயுவைப் பிடித்து வைத்திருக்கும். மண்வெட்டி போட்டுக் கிளறும்போதுதான் மொத்தமாக வெளியே விடும். எத்தனை நாள் தேங்கியது, எத்தனை அடி சேறு, தண்ணீருக்குள் காற்றை ஊதும் ஏரேட்டர் ஓடியதா நின்றதா, அந்த மாதம் எவ்வளவு இறால் வந்தது, எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு முறையும் கணக்கு மாறும். இத்தனை வருடம் குறைவாக இருந்த நாட்களில் இறங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். போன மாதம் தொட்டி ஒரு முறை எச்சரித்துவிட்டது. எங்கள் தொழிற்சாலைப் பாதுகாப்பு வேலையில் இதை 'நியர் மிஸ்' என்போம். நூலிழையில் தப்பியது. அதை எழுதி வைக்காமல் சோடாவோடு முடித்ததுதான் உங்கள் பக்கத் தவறு. வருத்தப்பட வேண்டாம், நான் இதைவிடப் பெரிய தவறு செய்தவன்.

தொண்ணூறுகளின் கடைசி. சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் இருந்தேன். ரியாக்டருக்குள் இறங்கிச் சுரண்ட வேண்டிய வேலை. உள்ளே இறங்க அனுமதிக்கும் பெர்மிட் என் மேசைக்கு வந்தது. ஆக்சிஜன் 20.8 என்று எழுதியிருந்தது. டீ கிளாஸை ஓரம் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. ரீடிங் எடுத்தவர் மேன்ஹோல் வாயிலேயே மீட்டரைக் காட்டி எடுத்திருக்கிறார், அடியில் இறக்கவில்லை. நைட்ரஜன் லைனில் வால்வை மூடியிருந்தார்கள், குழாயை முழுக்க அடைக்கும் பிளைண்ட் பிளேட் என்ற தகடு போடவில்லை. அந்த வால்வு உள்ளுக்குள் 'பாஸ்' ஆகி வாயு கசிந்துகொண்டிருந்தது. நைட்ரஜனுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. ஆக்சிஜனைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே போன பையனுக்கு முழங்கால் மடங்கியது.

வெளியே கயிற்றைப் பிடித்திருந்தவர் ஈச்சங்காட்டுக்காரர், ஐம்பது வயதிருக்கும். கயிறு கையில் தொய்வதை உணர்ந்தார். கூப்பிட்டார், பதில் இல்லை. எட்டிப் பார்க்கவில்லை, இறங்கவில்லை. கயிற்றைக் கப்பி வழியாகத்தான் விட்டிருந்தார்கள். பக்கத்தில் நின்றவனையும் சேர்த்துக்கொண்டு இழுத்தார். பையன் பிழைத்தான். அவர் மட்டும் பதறிப்போய் உள்ளே குதித்திருந்தால் அன்று நான் இரண்டு வீட்டு வாசலில் போய் நின்றிருக்க வேண்டும். அன்றிலிருந்து தொட்டியையும் வால்வையும் என் கண்ணால் பார்க்காமல் எந்தப் பெர்மிட்டிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

இதிலிருந்து உங்கள் தொட்டிக்கு வருகிறேன். விழுந்தவனைத் தூக்கப் போகிறவன்தான் அடுத்து விழுகிறான். அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-இல் வெளியிட்ட எச்சரிக்கையில், இப்படி அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று சொன்னது. நம் ஊர்ச் செய்தித்தாளில் செப்டிக் டேங்க் செய்தி வரும்போது கவனியுங்கள். ஒருவர் என்று அரிதாகத்தான் வரும். அண்ணன், தம்பி, பக்கத்தில் நின்றவர் என்று இரண்டாகவோ மூன்றாகவோதான் வரும். அவர்கள் முட்டாள்கள் இல்லை, பாசக்காரர்கள். அந்தப் பாசத்துக்குக் கையில் ஒரு கயிறும் தலைக்கு மேல் ஒரு கப்பியும் முன்கூட்டியே கொடுத்து வைப்பதுதான் உங்கள் வேலை.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. ஆள் ஏன் இறங்க வேண்டும்? கழிவுநீர் உறிஞ்சும் லாரியைக் கொண்டுவந்து குழாயை மேலேயிருந்து இறக்குங்கள். கெட்டிச் சேறு என்றால் மேலே நின்றபடியே தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து, சேறு இழுக்கும் நீர்மூழ்கிப் பம்பால் எடுங்கள். மாதம் ஒரு முறை செய்வதைப் பத்து நாளுக்கு ஒரு முறை செய்தால் சேறு கெட்டியாகவே ஆகாது. இறால் தலையும் ஓடும் தொட்டிக்கே வராதபடி வாய்க்காலில் சல்லடை போட்டால் பாதிச் சேறு குறையும். ஏரேட்டர் கரண்ட் பில்லை மிச்சப்படுத்த இரவில் அணைக்கிறீர்களா? அப்படியென்றால் வாயுவை நீங்களே சமைக்கிறீர்கள். மாஸ்க் கொடுத்தோமா, பூட்ஸ் கொடுத்தோமா என்ற பேச்செல்லாம் இவை முடிந்த பிறகு, கடைசியில் வர வேண்டியது. நம் ஊரில் பேச்சே மாஸ்க்கில்தான் ஆரம்பிக்கிறது. கடையில் கிடைக்கும் துணி மாஸ்க்கோ, கேட்ரிட்ஜ் மாட்டிய மாஸ்க்கோ ஆக்சிஜன் இல்லாத இடத்தில் ஆக்சிஜனை உண்டாக்காது. இருக்கும் காற்றை வடிகட்ட மட்டுமே அதனால் முடியும்.

பம்பு மாட்டிக்கொண்டது, எப்படியும் ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று ஒரு நாள் வரும். அன்றைக்கு: தொட்டிக்குத் தண்ணீர் வரும் வழியை வால்வோடு நிறுத்தாமல் பிளைண்ட் போட்டு அடையுங்கள். பம்பு, ஏரேட்டர் சுவிட்சுகளை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியை இறங்குபவன் பையில் போடுங்கள். காற்று ஊதும் ப்ளோயரின் குழாய் நுனி அடிவரை போக வேண்டும், தொட்டி வாயில் வைத்து ஊதினால் மேல்காற்றுதான் சுற்றும். பிறகு நான்கு வாயுக்களை ஒன்றாக அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் ஒன்றிரண்டு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 23.5-க்கு மேல் போகவும் கூடாது. எரியும் வாயு, தீப்பிடிக்கும் குறைந்தபட்ச அளவில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு 10 பங்கைத் தொட்டால் இறக்கம் கிடையாது. இறங்கிய பிறகும் மீட்டர் அவன் சட்டையிலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் கிளறும்போதுதான் வாயு வரும் என்று சொன்னேன். விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் வேண்டாம், தீப்பொறி வெளியே வராத வகையாக இருக்கட்டும். டீசல் பம்பைத் தொட்டிக்குள்ளோ வாயோரத்திலோ வைக்காதீர்கள், அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு தனி எமன். மேலே முக்காலி ட்ரைபாட், கப்பி, உடல் முழுக்கத் தாங்கும் வார்ப்பட்டை (ஹார்னஸ்). வாயருகே ஒரு ஆள். அவருக்கு வேறு வேலை கிடையாது. டீ வாங்கப் போகக் கூடாது, போன் பேசக் கூடாது, என்ன ஆனாலும் இறங்கக் கூடாது. விழுந்தால் கப்பியைச் சுற்ற வேண்டும், 101-க்கும் 108-க்கும் போன் போட வேண்டும். தீயணைப்புத் துறையிடம் மூச்சுக் கருவி இருக்கிறது.

பழைய ஆட்கள் யாராவது, "கிணத்துல விளக்கு எறக்கிப் பாக்குற மாதிரி பாத்துக்கலாம்" என்பார்கள். என் தாத்தா காலத்தில் அது அறிவுதான். கிணற்றில் விளக்கு அணைந்தால் இறங்க மாட்டார்கள், வேப்பங்கிளையைக் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்குவார்கள். கழிவுநீர்த் தொட்டியில் விளக்கை இறக்காதீர்கள். மீத்தேன் இருந்தால் தொட்டியே வெடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடும் எரியும் வாயுதான். ஆளைக் கொல்லும் அளவில் அது இருந்தாலும் விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்ததல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 36-ஆம் பிரிவிலேயே தொட்டிக்குள் இறங்குவது பற்றி எழுதி வைத்திருக்கிறது. சோதித்துத் தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையென்றால் மூச்சுக் கருவியும், வெளியே ஒருவர் நுனியைப் பிடித்திருக்கும் கயிற்றோடு இடுப்பு வாரும் வேண்டும் என்று. 24 வோல்ட் விளக்கைப் பற்றி 36ஏ பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. உங்களிடம் சேஃப்டி ஆபீசர் இல்லாததற்குக் காரணமும் சட்டத்தில்தான் இருக்கிறது. முன்பு 1000 பேர் இருந்தால்தான் கட்டாயம், புதிய தொகுப்பில் 500, ஆபத்தான செயல்முறை என்றால் 250. எண்பது பேர் கம்பெனிக்கு ஆள் வைக்கச் சொல்லவில்லையே தவிர, பொறுப்பைத் தள்ளுபடி செய்யவில்லை. இறங்கியவன் கான்ட்ராக்டர் ஆள் என்பதாலும் பொறுப்பு வாசலுக்கு வெளியே போய்விடாது. கழிவறை செப்டிக் டேங்க் என்றால் மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாகவே வரும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் யாரையும் அதில் இறக்குவது குற்றம்.

இனி அந்த நாற்பது பக்கம். கன்சல்டன்ட்டுகளில் நல்லவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இரண்டு நாளாவது உங்கள் ஷெட்டில் நடப்பார்கள். நடக்காமலே கொடுப்பவர்களின் கோப்பையும் பார்த்திருக்கிறேன். ஒரு மீன் கம்பெனிக் கோப்பில் 'பருத்தித் தூசி' என்று முழுசாக ஒரு பக்கம் இருந்தது. எங்கோ நூற்பாலைக்குப் போட்டதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அதைத் திருத்தக்கூட யாரும் திறந்து பார்த்ததில்லை. அந்தக் கோப்புகளில் ஐந்துக்கு ஐந்து கட்டம் ஒன்று இருக்கும். நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு சேதம் என்று பெருக்கி மார்க் போடுவது. கட்டம் தப்பில்லை. ஆனால் "பதினஞ்சு வருஷமா ஒண்ணும் ஆனதில்ல" என்று வாய்ப்புக்கு 1 போட்டால் உங்கள் தொட்டி, ஆபத்து குறைவு என்று காட்டும் பச்சைக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆள் சாகக்கூடிய இடத்தில் பெருக்கல் கணக்குப் பார்க்காதீர்கள். ஆபத்து என்பது தொட்டியில் இருக்கும் வாயு. அந்த வாயுவும் ஒரு மனிதனும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்க நேர்வதுதான் இடர். இரண்டையும் எப்படிப் பிரித்து வைக்கப் போகிறீர்கள் என்பதைத்தான் கோப்பில் எழுத வேண்டும்.

நீங்களே கண்டுபிடிப்பது எப்படி என்றால், பேப்பர் இல்லாமல் ஒரு நாள் நடங்கள். தினமும் நடக்கும் வேலையைப் பார்ப்பதைவிட, எப்போதாவது நடக்கும் வேலையைத் தேடுங்கள். மாதம் ஒரு முறை, மெஷின் அடைத்துக்கொண்டால், கரண்ட் போனால், மழை வந்தால், ஞாயிற்றுக்கிழமை. தினசரி வேலைக்குக் கையும் காலும் பழகியிருக்கும். எப்போதாவது செய்யும் வேலைக்குப் பழக்கமும் இருக்காது, பெரும்பாலும் வெளியாள் செய்வான், சூப்பர்வைசர் பக்கத்தில் இருக்க மாட்டார். நான் பார்த்த பெரிய விபத்துகளில் பெரும்பாலானவை ரிப்பேரிலும் கிளீனிங்கிலும் நடந்தவைதான்.

நடக்கும்போது ஆட்கள் தாங்களாகச் செய்துகொண்ட ஏற்பாடுகளைக் கவனியுங்கள். ஐஸ் கிரஷர் வாயருகே ஒரு கம்பு சாய்த்து வைத்திருக்கிறதா? நுனி நார்நாராகச் சிதைந்திருந்தால், சிக்கிய ஐஸை ஓடும் மெஷினிலேயே அதால் தள்ளுகிறார்கள் என்று அர்த்தம். கம்பு எட்டாத நாளில் காலை விட்டுத் தள்ளுவார்கள், கால் போகும். வால்வுக்குக் கீழே கவிழ்த்துப் போட்ட மீன் கிரேட் கிடந்தால், அது அங்கே ஏணி. கட்டுக்கம்பி சுற்றிய கதவு, பலகை வைத்து அமுக்கிய சுவிட்ச், சாக்குப் போட்டு மூடிய பள்ளம், எல்லாமே ஒருவர் ஒரு கஷ்டத்தைச் சொல்லாமல் தீர்த்துக்கொண்ட இடங்கள். கடலோரம் என்பதால் எலக்ட்ரிக் பேனல் கதவுகளையும் எர்த் கம்பி இணைப்புகளையும் தனியாகப் பாருங்கள். உப்புக்காற்று வெளியே பெயின்ட்டை விட்டுவிட்டு உள்ளே திருகைத் தின்றிருக்கும். ஈரத் தரையில் வேலை செய்யும் இடத்துக்கெல்லாம் 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவு பிரேக்கர் இருக்கிறதா, டெஸ்ட் பட்டனை அமுக்கினால் விழுகிறதா என்று பாருங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். குளிர் அறைக்குள்ளிருந்து கதவைத் திறக்க முடிகிறதா என்று நீங்களே உள்ளே நின்று பாருங்கள். அவசர வழிக்கு 'திருட்டுப் போவுது' என்று பூட்டுப் போட்டிருந்தால் அன்றே கழற்றுங்கள்.

பிறகு இறால் உரிக்கும் பெண்களிடம் உட்காருங்கள். "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் "இல்ல சார்" என்றுதான் வரும். "எந்த வேலைக்குக் கூப்பிட்டா வயித்தக் கலக்குது?" என்று கேளுங்கள். நான் பல இடத்தில் கேட்டிருக்கிறேன், அரை நிமிடம் சிரிப்பார்கள், அப்புறம் கொட்டும். ஒரு நோட்டில் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உறைய வைக்கும் பிளான்ட் அமோனியாவில்தான் ஓடும் என்று எடுத்துக்கொள்கிறேன். அமோனியா ஒரு விதத்தில் நாணயமானது, வருவதற்கு முன்னால் கத்திவிடும். கண்ணிலும் தொண்டையிலும் எரிச்சல் தாங்காமல் ஆட்கள் தானாக ஓடுவார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்பதுதான் கேள்வி. ஆபத்தில் எல்லோரும் வந்து கூட வேண்டிய உங்கள் அசெம்ப்ளி பாயிண்ட் ஒன்றுதான் இருக்கும், கேட்டருகே. கடலூரில் பிற்பகலில் காற்று கடலிலிருந்து வரும், இரவில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். பகல் ஷிப்டுக்குச் சரியான இடம் ராத்திரி ஷிப்டுக்கு வாயு போகும் வழியாகிவிடும். எதிரெதிரே இரண்டு இடம் குறியுங்கள், கூரை மேல் காற்றின் திசை காட்டும் துணிப் பை ஒன்று கட்டுங்கள். காற்றுக்குக் குறுக்கே போய், பிறகு காற்று வரும் திசைக்கு ஏற வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு முறை ஓடிக் காட்டுங்கள். அமோனியா பிளான்ட்டில் தேங்கும் ஆயிலை வடிக்கும்போது ஆபரேட்டர் வால்வைத் திறந்துவிட்டு வேறெங்காவது போகிறாரா என்று பாருங்கள். கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு அந்த இடத்துக்கு அவசியம்.

கடைசியாக முதலாளி. அவரிடம் சட்டத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள், மிரட்டுவதாக நினைப்பார். சாவிலிருந்தும் ஆரம்பிக்காதீர்கள், அபசகுனம் என்பார். ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். தேதி, நேரம், தொட்டியின் ஆழம், பையன் சொன்ன வார்த்தைகள் அப்படியே. கீழே, அடுத்த முறைக்கு உறிஞ்சும் லாரிக்கு என்ன வாடகை, இப்போது கான்ட்ராக்டருக்குக் கொடுப்பது எவ்வளவு என்று இரண்டு எண். மீட்டர் வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் ஒரு விலை. "ஆடிட்ல கேட்டா இதையே காட்டலாம் சார், நாமளே கண்டுபிடிச்சு நாமளே சரி பண்ணோம்னு" என்று சொல்லுங்கள். ஏற்றுமதிக்காரருக்கு அந்த மொழி புரியும். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

கேட்கவில்லையென்றால்? நேரடியாகவே சொல்கிறேன். அந்த நாளில் ஆளை இறக்கும் வேலைக்கு நீங்கள் சம்மதம் சொல்லக் கூடாது. "மீட்டர் வந்ததும் செய்யலாம் சார்" என்று நிறுத்துங்கள். ஒரு நாள் தாமதத்துக்காக வேலையிலிருந்து அனுப்புவது அபூர்வம். ஆனால் நடக்காது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகத்துக்கு எழுதலாம். புகார் யாரிடமிருந்து வந்தது என்பதை ஆய்வாளர் ரகசியமாக வைக்க வேண்டும் என்று பழைய சட்டத்திலேயே 118ஏ பிரிவு இருந்தது. எண்பது பேர் கம்பெனியில் யார் எழுதியிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அதனால்தான் அந்த ஒரு பக்கத்தை முதலில் உள்ளேயே கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். பாதி முதலாளிகள் எண்ணைப் பார்த்ததும் இறங்கி வருவார்கள்.

மீட்டரை வாடகைக்கு எடுத்தால் கேலிப்ரேஷன் தேதியை, அதாவது கடைசியாக அளவு சரிபார்த்த தேதியை, பார்த்து வாங்குங்கள். செத்த சென்சார், வாயு இருந்தாலும் ஹைட்ரஜன் சல்பைடு 0 என்று அழகாகக் காட்டிக்கொண்டிருக்கும். தெரிந்த அளவு வாயுவைக் காட்டி அலாரம் அடிக்கிறதா என்று கொடுப்பவரையே உங்கள் எதிரில் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இந்த வாயுவை இழுத்தவர்களுக்கு எழுந்து நடந்த பிறகும் சில மணி நேரம் கழித்து, சில சமயம் ஓரிரு நாள் கழித்துக்கூட, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். இனி யாருக்காவது அப்படி ஆனால் சோடா வேண்டாம், ஆஸ்பத்திரி. அந்தப் பையனின் பெயரை நீங்கள் எழுதவில்லை, ஒருவேளை கேட்டிருக்கவே மாட்டீர்கள். கான்ட்ராக்டரிடம் விசாரித்து இந்த வாரமே அவனைப் போய்ப் பாருங்கள். அப்புறம் இருமல் இருந்ததா, கண் எரிந்ததா, இப்போது எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள். இதே கான்ட்ராக்டர் அவனை வேறு எந்தெந்தத் தொட்டிக்கு அனுப்புகிறார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.